குத்தகை பாக்கியும் நில வெளியேற்றமும்

(காவிரி டெல்டாவில், குத்தகை விவசாயிகளும் விவசாயத் தொழிலாளிகளும் விடுமுறைக்கு ஊர் வந்திருந்த மில் தொழிலாளிகளும் கூடிய கூட்டத்தில் பேசியது.)



இன்றைக்குப் பெரிய அரசியல் எதுவும் பேசப் போவதில்லை. பாக்கியைப் பற்றிப் பேசப் போகிறேன். குத்தகை பாக்கி. அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் இந்தப் பகுதியில் நிலத்தைப் பிடுங்குகிறார்கள். அடியாளை அனுப்பி வரப்பில் நிறுத்திப் பிடுங்கிய காலம் ஒன்று இருந்தது. இப்போது தபால்காரர் கொண்டு வருகிற நோட்டீஸ் போதும். "இத்தனை மூட்டை பாக்கி, இத்தனை நாளில் கட்டு, கட்டாவிட்டால் சுவாதீனத்தை ஒப்படை" என்று அதில் எழுதியிருக்கும். நோட்டீசைப் பார்த்தவுடன் நம் ஆள் என்ன செய்கிறான்? பாதிப் பேர் அதை மடித்துக் கூரையில் செருகி விடுகிறார்கள். மீதிப் பேர் ஓடிப் போய் நிலக்காரர் காலில் விழுகிறார்கள். இரண்டும் கெடுதல். ஏன் கெடுதல் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் ஒரு பழைய கதை. பழைய கதை எதற்கு என்று கேட்காதீர்கள். அது தெரியாவிட்டால் கையில் இருக்கிற உரிமை வானத்திலிருந்து விழுந்தது என்று நினைத்துக் கொள்வீர்கள்.

1943ல் தோழர் பி. சீனிவாசராவ் தஞ்சை ஜில்லாவுக்கு வந்தார். கன்னடம் பேசுகிற நாட்டில் பிறந்தவர். மன்னார்குடிப் பக்கத்துத் தென்பரையில்தான் செங்கொடிச் சங்கம் வேர் பிடித்தது. அங்கே நிலம் ஒரு மடத்துடையது. சாகுபடி செய்தவர்கள் குத்தகைக்காரர்கள். பண்ணையாட்களுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் கொடுத்த காலம் அது. 1944ல் மன்னார்குடியில் ஏற்பட்ட ஒப்பந்தத்தில்தான் அந்த இரண்டுக்கும் முடிவு எழுதப்பட்டது. குத்தகைக்காரன் வேறு, பண்ணையாள் வேறு, இவனுக்கும் அவனுக்கும் என்ன சம்பந்தம் என்று மிராசுதார்கள் பிரித்துப் பார்த்தார்கள். சங்கம் இரண்டு பேரையும் ஒரே கொடியின் கீழ் உட்கார வைத்தது.

அதற்குப் பலன் 1952ல் தெரிந்தது. தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புக்கு ராஜாஜி சர்க்கார் முதலில் அவசரச் சட்டம் போட்டது, பிறகு சட்டமாக்கியது. யாருடைய சர்க்கார்? கம்யூனிஸ்டுகள்தான் தனக்கு முதல் எதிரி என்று சொன்னவருடைய சர்க்கார்! வயலில் நின்ற ஜனங்கள் அவரைப் போட வைத்தார்கள். விளைச்சலில் குத்தகைக்காரனுக்கு ஐந்தில் இரண்டு பங்கு, அதாவது 40 சதவீதம் என்று அந்தச் சட்டம் நிர்ணயித்தது. ஐந்து வருஷத்துக்கு வெளியேற்ற முடியாது என்றது. 1951 டிசம்பர் 1ந் தேதிக்குப் பிறகு வெளியேற்றப்பட்டவனுக்கு நிலத்தைத் திருப்பிக் கொடு என்றது. அதிலும் ஓட்டை இருந்தது. ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு மேல் வைத்திருக்கிற நிலக்காரருக்குத்தான் சட்டம் பொருந்தும். ஒரு வேலி என்றால் ஆறே முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. உடனே என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? மைத்துனன் பேரில், மாமியார் பேரில், பிறக்காத பிள்ளை பேரில் எல்லாம் நிலம் பிரிந்தது.

1955ல் சாகுபடி செய்யும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1956ல் நியாய குத்தகைச் சட்டம் வந்தது. நன்செய்யில் நிலக்காரருக்கு 40, உழுகிறவனுக்கு 60 என்று கணக்கு மாறியது. பிற்பாடு திருத்தம் வந்து நிலக்காரருக்கு 25, உழுகிறவனுக்கு 75 ஆனது. இந்த மூன்று எண்களையும் மனதில் வைத்துக் கொள்ளுங்கள்: 40, 60, 75. இந்த 55ம் வருஷச் சட்டமும் 56ம் வருஷச் சட்டமும் இன்றைக்கும் அமலில் இருக்கின்றன.

பாக்கி எப்படி முளைக்கிறது?

அப்படியானால் பாக்கி எங்கேயிருந்து வருகிறது? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எந்த ஊர்க் கணக்கும் இல்லை, விளங்குவதற்காகச் சொல்கிறேன்.

ஒருவர் மூன்று மா நிலம் குத்தகைக்குச் சாகுபடி செய்கிறார். நல்ல வருஷத்தில் 30 மூட்டை காண்கிறது. வாய்ப்பேச்சில் குத்தகை 10 மூட்டை. எழுத்து இல்லை, ரசீது இல்லை. முதல் வருஷம் ஆற்றில் தண்ணீர் இல்லை. மேட்டூர் அணையை ஜூன் 12ந் தேதி திறக்க வேண்டும். 2012ல் செப்டம்பர் 17ந் தேதிதான் திறந்தார்கள். 2016ல் செப்டம்பர் 20ந் தேதி. அந்த மாதிரி ஒரு வருஷம் என்று வைத்துக் கொள்ளுங்கள். கண்டுமுதல் 6 மூட்டை. வீட்டுக்கு நாலு வைத்துக் கொண்டு இரண்டைக் கொண்டு போய் அளக்கிறார். பாக்கி 8.

மறு வருஷம் ஆண்டவன் புண்ணியத்தில், இல்லை, கர்நாடகத்தில் பெய்த மழையின் புண்ணியத்தில் 30 மூட்டை விளைகிறது. நடப்புக் குத்தகை 10, பழைய பாக்கி 8, ஆக 18. மீதி 12 மூட்டையில் விதை, உரம், நடவுக் கூலி, அறுப்பு மிஷின் வாடகை, வாங்கிய கடனுக்கு வட்டி எல்லாம் போக வேண்டும். முடியுமா? முடியாது. 13 மூட்டை அளக்கிறார். பாக்கி 5. மூன்றாம் வருஷம் நோட்டீஸ் வருகிறது: "தொடர்ந்து குத்தகை பாக்கி வைத்திருக்கிறீர்."

இப்போது சட்டத்தின் கணக்கைப் பாருங்கள். 30 மூட்டையில் நாலில் ஒரு பங்கு ஏழரை மூட்டை. இரண்டு வருஷத்துக்குப் பதினைந்து. விளையாத வருஷத்துக்குக் கூட முழுசாகச் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவர் அளந்தது எவ்வளவு? இரண்டும் பதின்மூன்றும் பதினைந்து! சட்டக் கணக்கின்படி ஒரு மரக்கால் நெல் கூடப் பாக்கி இல்லை. அந்த 5 மூட்டைப் "பாக்கி" முழுவதும் நிலக்காரர் அதிகமாகக் கேட்டது. கொடுக்க வேண்டாததைக் கொடுக்காததற்கு நிலத்தை விட்டுப் போ என்கிறார்கள்.

ஆனால் ஒன்று. நியாய குத்தகையை நிர்ணயம் செய்யச் சொல்லி மனுப் போடாதவரைக்கும் இந்தக் கணக்கை நீங்களும் நானும் திண்ணையில் போட்டுக் கொள்ளலாம். எதிராளியின் வக்கீல் வாய்ப்பேச்சில் ஒத்துக் கொண்ட 10 மூட்டைக் கணக்கைத்தான் காட்டுவார். மனுப் போட வேண்டும். போட்ட பிறகும், "மனுப் போட்டாயிற்று, இனி ஒன்றும் அளக்க வேண்டாம்" என்று கையைக் கட்டிக் கொண்டு இருக்கக் கூடாது. அந்த யோசனையைச் சொல்கிறவன் உங்களுக்குச் சிநேகிதன் அல்ல.

"அப்புறம் பார்த்துக்கலாம்"

வேறொரு விதமான பாக்கி இருக்கிறது. அதற்கு மழையும் தேவையில்லை, வறட்சியும் தேவையில்லை. தை மாதம் அறுவடை முடிந்து நம் ஆள் வண்டியில் நெல்லை ஏற்றிக் கொண்டு போகிறான். வாசலில் ஏஜெண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"குத்தகை நெல்லு கொண்டாந்திருக்கேங்கய்யா."

"ஏம்ப்பா, இப்ப இடம் எங்க இருக்கு? எடுத்துட்டுப் போ. மாசி கழிச்சுப் பாத்துக்கலாம். நாம என்ன அந்நியமா?"

அந்நியமில்லை என்று சந்தோஷப்பட்டுத் திரும்பி வருகிறான். மாசியும் போகிறது, பங்குனியும் போகிறது. சட்டம் என்ன சொல்கிறது? குத்தகை கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் கொடுக்கவில்லையென்றால் அது வெளியேற்றத்துக்குக் காரணம். அந்த ஒரு மாதத்தைக் கடத்துவதற்குத்தான் "நாம என்ன அந்நியமா". சித்திரையில் நோட்டீஸ். கோயில் நிலம், மடத்து நிலம் என்றாலும் இதே கதைதான். தெய்வம் வரப்புக்கு வருவதில்லை, ஏஜெண்டுதான் வருகிறார்.

இதற்கு மருந்து அதே 55ம் வருஷச் சட்டத்தின் 3வது பிரிவிலேயே இருக்கிறது. நிலக்காரர் வாங்க மறுத்தால் குத்தகையை அவர் கணக்கில் கோர்ட்டில் கட்டலாம். நெல்லாகக் கொடுக்கிற குத்தகையென்றால் நெல்லைத் தூக்கிக் கொண்டு கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. கட்டுகிற தேதியில் என்ன மார்க்கெட் விலையோ அந்தப் பணத்தைக் கட்டினால் போதும். கட்டியதற்கு நிலக்காரருக்கு நோட்டீஸ் போகும். தொகை சரிதானா என்று சுருக்கமாக விசாரிப்பார்கள். ஒரு மாதத்துக்குள் கட்ட வேண்டும் என்பதுதான் முக்கியம். எங்கள் அனுபவத்தில் இந்த ஒரு ஷரத்தைத் தெரிந்து வைத்திருந்த குத்தகைக்காரரை அசைப்பது கஷ்டம். தெரியாதவர் நூறு நியாயம் வைத்திருந்தாலும் நட்டாற்றில் நிற்கிறார்.

சரி, மாதம் கடந்து விட்டது. உண்மையிலேயே விளையவில்லை, உண்மையிலேயே பாக்கி இருக்கிறது. நோட்டீசும் வந்து விட்டது. எல்லாம் போயிற்றா? போகவில்லை. நிலக்காரர் தானாக வந்து இறங்க முடியாது. வருவாய் அதிகாரியிடம் மனுப் போட வேண்டும். இந்த வழக்குகளை விசாரிக்கவே தனித் துணை ஆட்சியர் தலைமையில் வருவாய் நீதிமன்றங்கள் இருக்கின்றன. அங்கே, நிலக்காரர் நிலைமை என்ன, குத்தகைக்காரர் நிலைமை என்ன என்று இரண்டையும் சீர்தூக்கிப் பார்த்துப் பாக்கியைக் கட்ட நியாயமான அவகாசம் கொடுக்கலாம். அந்த அவகாசத்துக்குள் கட்டி விட்டால் பாக்கியே வைக்காதவர் மாதிரிதான். கட்டத் தவறினால்தான் வெளியேற்ற உத்தரவு.

"இரண்டு பேர் நிலைமையையும் பார்த்து" என்கிறதே, அந்த இடத்தில்தான் நம் உயிர் இருக்கிறது. நூறு ஏக்கர் வைத்திருக்கிறவருக்கு ஐந்து மூட்டை வராவிட்டால் என்ன நஷ்டம்? மூன்று மாக்காரனுக்கு அந்த நிலம் போனால் என்ன நஷ்டம்? இதை அதிகாரி தானாகக் கற்பனை செய்து கொள்ள மாட்டார். நாம்தான் சொல்ல வேண்டும், காகிதத்தோடு சொல்ல வேண்டும். எந்தத் தேதியில் தண்ணீர் வந்தது, கிராமத்தில் எத்தனை ஏக்கர் காய்ந்தது, சர்க்கார் வறட்சி என்று அறிவித்ததா இல்லையா? 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா ஜில்லாக்களையும் வறட்சி பாதித்ததாகச் சர்க்காரே அறிவித்தது. அப்படிப்பட்ட வருஷத்துப் பாக்கிக்கு அந்த அறிவிப்பை விடப் பெரிய சாட்சி வேறு வேண்டுமா? ஆனால் அந்தச் சாட்சியைக் கூண்டில் ஏற்ற வேண்டியவர் நீங்கள். விசாரணைக்குப் போகாமல் இருந்து விட்டால் ஒருதலையாக உத்தரவு ஆகிவிடும். கூரையில் செருகிய நோட்டீஸ் செய்கிற வேலை அதுதான்.

1972ல் குத்தகை பாக்கி நிவாரணச் சட்டம் ஒன்று வந்தது. நடப்பு வருஷத்துக் குத்தகையை ஒழுங்காகக் கட்டினால் அதற்கு முந்தைய பாக்கி தீர்ந்ததாக எடுத்துக் கொள்ளப்படும் என்று அதில் இருந்தது. பழைய பாக்கியைத் தள்ளுபடி செய்தால் உலகம் தலைகீழாகி விடும் என்று சொல்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். ஒருமுறை செய்திருக்கிறார்கள், உலகம் அப்படியேதான் இருக்கிறது. பெரிய வறட்சி, பெரிய புயல் வருகிறபோதெல்லாம் அப்படி ஒரு நிவாரணம் வேண்டும் என்பது நம் கோரிக்கை.

பெயர் இல்லாத குத்தகைக்காரன்

இவ்வளவு சட்டம் இருந்தும் ஏன் தோற்கிறோம்? நாம் குத்தகைக்காரர் என்பதற்கே அத்தாட்சி இருப்பதில்லை. "இவரை எனக்குத் தெரியாது, இவர் என்னிடம் கூலிக்கு வந்த ஆள்" என்று சொல்லி விட்டால் என்ன செய்வது? முப்பது வருஷம் சாகுபடி செய்தவர் ஒரே நிமிஷத்தில் கூலியாள் ஆகிவிடுகிறார். இதற்காகத்தான் 1969ல் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் வந்தது. தாசில்தாரிடம் மனுப் போட்டுப் பதிவேட்டில் பெயர் ஏற்ற வேண்டும். அப்பா பெயரில் இருந்து அப்பா காலமாகி விட்டால் மகன் பெயருக்கு, மனைவி பெயருக்கு மாற்ற வேண்டும். எத்தனை வீடுகளில் இன்னும் செத்துப் போனவர் பெயரிலேயே இருக்கிறது! செத்தவருக்குக் கோர்ட்டில் என்ன பாத்தியம்?

பெயர் இல்லாவிட்டால் நஷ்டம் கோர்ட்டில் மட்டுமல்ல. 2017ல் வறட்சி நிவாரணமாக நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் என்று அறிவித்தார்கள். அடங்கலில் பெயர் இல்லாத குத்தகைக்காரன் அதை எப்படி வாங்குவான்? காய்ந்தது அவன் பயிர், கடன்பட்டது அவன், நிவாரணத்துக்குக் கை நீட்டுகிறவர் வேறொருவர். 2019ல் ஆரம்பித்த மத்திய சர்க்காரின் வருஷம் 6,000 ரூபாய்த் திட்டம் நிலம் சொந்தமாக உள்ள குடும்பத்துக்குத்தான். சேற்றில் கால் வைக்காதவர் அவர்கள் கணக்கில் விவசாயி. சேற்றிலேயே கிடக்கிறவன் விவசாயி இல்லை.

வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். "பாக்கிக்கு ஒரு புரோநோட்டு எழுதிக் கொடு, நிலம் உன்னிடமே இருக்கட்டும்" என்று இனிக்க இனிக்கப் பேசுவார்கள். எழுதுகிற காகிதத்தில் "என் சொந்த இஷ்டத்தில் நிலத்தை ஒப்படைத்து விட்டேன்" என்று ஒரு வரி இருக்கும். சொந்த இஷ்டம்! நிலத்தைச் சொந்த இஷ்டத்தில் விட்டுக் கொடுத்த குத்தகைக்காரனை நான் இதுவரை பார்த்ததில்லை. படிக்கத் தெரிந்த பையனோ பெண்ணோ வீட்டில் இருந்தால் அவர்களைக் கூட்டிக் கொண்டு போங்கள்.

இன்னொரு விஷயம், இது சிலருக்குக் கசக்கும். தன் உடலுழைப்பையோ குடும்பத்தார் உடலுழைப்பையோ போட்டுச் சாகுபடி செய்கிறவனைத்தான் சட்டம் குத்தகைதாரர் என்கிறது. குத்தகையை வாங்கி மேல்குத்தகைக்கு விட்டு விட்டு டவுனில் கடை வைத்திருக்கிறவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை, இருக்கவும் கூடாது. அதே போல, நிலக்காரரிடம் நியாயம் கேட்கிற குத்தகைக்காரர், தன் வயலில் நடவு நடுகிற பெண்களுக்குக் கூலியைக் குறைத்தால் அவர் பக்கம் யார் நிற்பார்கள்? நடவு நடுகிற தாய்மார்களே, நீங்களும் கேளுங்கள். ஒரு குத்தகைக்காரன் வெளியேற்றப்பட்டால் அடுத்த நாள் அவன் எங்கே வருவான்? கூலி வேலைக்கு, உங்கள் வரிசைக்குத்தான் வருவான். பத்துப் பேர் நிற்கிற இடத்தில் இருபது பேர் நின்றால் கூலி ஏறுமா, இறங்குமா?

மில் தோழர்களுக்கு

கோயம்புத்தூரிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் வந்திருக்கிற தோழர்கள், "எங்களுக்கு நிலமும் இல்லை, குத்தகையும் இல்லை" என்று நினைக்கலாம். வாடகை இருக்கிறதே! மில்லில் லே-ஆஃப் விட்டால் முதலில் நிற்பது வாடகை. 1960ம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017ல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22ந் தேதி முதல் நடக்கிறது. பழைய சட்டத்தில், வேண்டுமென்றே வாடகை கட்டாமல் இருந்தானா என்ற கேள்வி இருந்தது. புதுச் சட்டத்தில் இரண்டு மாத வாடகை நின்று, நோட்டீஸ் கொடுத்து ஒரு மாதத்துக்குள் கட்டவில்லையென்றால் வெளியேற்றக் கேட்கலாம். ஆகையால் அந்த ஒரு மாதம் உங்கள் கையில் இருக்கிற காலம். அதற்குள் பாக்கியை வட்டியோடு கட்டி விட்டால் அந்தத் தடவை வெளியேற்ற முடியாது. எழுத்து ஒப்பந்தமே இல்லாமல் இருப்பதும் இப்போது வெளியேற்றத்துக்கு ஒரு காரணமாகி விடும். ரசீது வாங்கி வையுங்கள்.

இதில் கூட்டுப் பலம் என்ன செய்யும் என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். 1915ம் வருஷம், முதல் உலக யுத்தம். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரம். கப்பல் கட்டும் தளத்துக்கும் வெடிமருந்துத் தொழிற்சாலைக்கும் ஆட்கள் குவிந்தார்கள். வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள். ஆண்கள் பலர் யுத்தத்துக்குப் போயிருந்தார்கள். பெண்கள் கூடிப் பேசி, ஏற்றிய வாடகையைக் கட்ட மாட்டோம் என்றார்கள். கோவன் பகுதியில் மேரி பார்பர் என்ற தாய் முன்னால் நின்றார். ஜப்திக்காரன் தெருவில் நுழைந்தால் ஒருத்தி மணியடிப்பாள். சமையல் செய்து கொண்டிருந்த பெண்கள் அப்படியே மாவும் கையுமாக வந்து மாடிப்படியை அடைத்து நிற்பார்கள். மாவு பறக்கும்! கோர்ட்டுக் காகிதம் கொண்டு வந்தவன் வெள்ளைச் சட்டையோடு திரும்ப வேண்டியதுதான். அந்த வருஷம் நவம்பர் 17ந் தேதி, வாடகை கட்டாத 18 பேரைக் கோர்ட்டுக்கு இழுத்தார்கள். கப்பல் தளத் தொழிலாளிகள் வேலையை நிறுத்தி விட்டுக் கோர்ட்டு வாசலுக்கு வந்து விட்டார்கள். வழக்கு கைவிடப்பட்டது. டிசம்பர் முடிவதற்குள் லண்டன் பார்லிமெண்டே வாடகையை யுத்தத்துக்கு முந்தைய அளவில் நிறுத்திச் சட்டம் போட்டது.

அங்கே தெருவுக்கு மணி இருந்தது. நம் ஊர்களில் என்ன இருக்கிறது? யாருக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது என்பதே பக்கத்து வீட்டுக்குத் தெரிவதில்லை. பாக்கி வைத்திருக்கிறோம் என்று சொல்ல வெட்கம். வறட்சியில் பாக்கி விழுந்ததற்கு நீங்கள் ஏன் வெட்கப்பட வேண்டும்? திருடினீர்களா?

செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். நோட்டீஸ் வந்தவர்கள் அதைத் தபால் உறையோடு எடுத்து வையுங்கள். என்றைக்கு வந்தது என்பதற்கு உறையில் முத்திரை இருக்கும். இந்த வாரமே சங்க ஆபீசுக்கு வாருங்கள். நெல் அளந்ததற்குத் துண்டுச் சீட்டு, ஏஜெண்டு கையால் எழுதிய கணக்கு, வரி கட்டிய ரசீது, அடங்கல் நகல், உரம் வாங்கிய பில் எது இருந்தாலும் கொண்டு வாருங்கள். ஒன்றுமே இல்லாதவர்கள் பக்கத்து வயல்காரர் இரண்டு பேரைச் சாட்சிக்கு அழைத்து வாருங்கள். கோயில், மடத்து நிலம் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். 1961ம் வருஷத்துப் பொது அறக்கட்டளை நிலச் சட்டத்தின்படி அந்த மனுவை வேறு அதிகாரியிடம் போட வேண்டும். பதிவேட்டில் பெயர் ஏறாதவர்களுக்குத் தாசில்தாருக்கு எழுதுகிற மனு பாரம் இங்கேயே மேஜையில் இருக்கிறது. எழுதிக் கொடுக்க மில் தோழர்கள் நாலு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். கூட்டம் கலைவதற்கு முன்னால் தாய்மார்கள் முதலில் வந்து பெயர் கொடுங்கள்.